மலிவான டிக்கெட்டும் அடுத்த விமானமும்

2019ஆம் ஆண்டு டிசம்பர் விடுமுறைக்கு நாங்கள் நால்வரும் ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸிலிருந்து ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோவுக்குச் சென்றோம். மலிவுக் கட்டண நிறுவனம் ஒன்றில் போக வர ஆளுக்கு 118 டாலர். அதே நாட்களுக்குப் பெரிய நிறுவனம் ஒன்று 262 டாலர் கேட்டது. நால்வருக்கும் சேர்த்து 576 டாலர் மிச்சம் என்று கணக்குப் போட்டு, அந்த மகிழ்ச்சியிலேயே டிக்கெட் வாங்கினேன். போகும்போது ஒரு குறையும் இல்லை. திரும்பும் நாளில், விமான நிலையத்துக்குக் கிளம்பப் பெட்டிகளை மூடிக்கொண்டிருந்த நேரத்தில், விமானம் ரத்து என்று கைப்பேசியில் செய்தி வந்தது. அந்த நிறுவனம் எங்கள் ஊருக்கு வாரத்தில் சில நாட்கள் மட்டுமே பறந்தது; அடுத்த விமானத்திலும் இடமில்லை; நான்கு நாட்கள் கழித்துத்தான் நால்வருக்கும் இருக்கை கிடைக்கும் என்றார்கள். வேறு நிறுவனத்தின் விமானத்தில் ஏற்றிவிட முடியுமா என்று கேட்டதற்கு, அப்படி எந்த நிறுவனத்தோடும் தங்களுக்கு ஒப்பந்தம் இல்லை என்று கவுன்ட்டரில் இருந்த பெண் பொறுமையாகவே சொன்னார். திரும்பும் பயணத்துக்கான பணம் கைக்கு வந்தது. ஆனால் குழந்தைகளின் பள்ளியும் என் வேலையும் மறுநாளே தொடங்கவிருந்ததால், சார்லட் வழியாகச் செல்லும் வேறொரு விமானத்தில் ஆளுக்கு 310 டாலர் கொடுத்து ஒருவழி டிக்கெட் வாங்க வேண்டியதாயிற்று. நால்வருக்கு 1,240 டாலர். மிச்சம் பிடித்த 576 டாலர் போன இடம் தெரியவில்லை.

அன்று வரை, எந்த நிறுவனம் நல்ல நிறுவனம் என்று யாராவது கேட்டால் இருக்கையின் அகலம், கால் வைக்கும் இடம், கொடுக்கும் தின்பண்டம் ஆகியவற்றை வைத்துத்தான் பதில் சொல்லி வந்தேன். அதன் பிறகு டிக்கெட் வாங்கும் முன் முதலில் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்கிறேன்: இந்த விமானம் ரத்தானால், இதே டிக்கெட்டில் என்னை ஊர் சேர்க்க அடுத்த விமானம் எப்போது? பெரிய நிறுவனத்துக்குக் கூடுதலாகக் கொடுக்கும் எண்பது, நூறு டாலர் பெரும்பாலும் இந்தப் பதிலுக்கான விலைதான். சிற்றுண்டிக்கும் இருக்கைக்கும் அவ்வளவு கொடுப்பது வீண்.

இதைப் புரிந்துகொள்ள அமெரிக்க விமானப் போக்குவரத்தின் அமைப்பைச் சற்றுத் தெரிந்திருக்க வேண்டும். 1978இல் கட்டணங்கள் மீதும் வழித்தடங்கள் மீதும் அரசுக்கு இருந்த கட்டுப்பாடு சட்டத்தின் மூலம் நீக்கப்பட்ட பிறகு, நிறுவனங்கள் சில பெரிய நகரங்களை மையங்களாக வைத்துக்கொண்டு, சிறிய ஊர்களின் பயணிகளை அங்கே கொண்டுவந்து சேர்த்துப் பிரித்து அனுப்பும் முறைக்கு மாறின. இங்கே எல்லோரும் ‘ஹப்’ என்று சொல்வது இந்த மையங்களைத்தான். டெல்டாவுக்கு அட்லாண்டா, டெட்ராய்ட், மினியாபொலிஸ், சால்ட் லேக் சிட்டி. அமெரிக்கன் நிறுவனத்துக்கு டாலஸ், சார்லட், ஃபீனிக்ஸ், மயாமி. யுனைடெட்டுக்கு ஹூஸ்டன், டென்வர், நியூவர்க், சான் பிரான்சிஸ்கோ. சிகாகோவின் ஓஹேர் நிலையத்தை அமெரிக்கனும் யுனைடெட்டும் பங்கு போட்டுக்கொள்கின்றன. அலாஸ்கா நிறுவனம், பெயர் அப்படி இருந்தாலும், சியாட்டிலை மையமாகக் கொண்டது.

ஆகவே, அட்லாண்டாவில் குடியிருப்பவருக்குச் சரியான விடை டென்வரில் இருப்பவருக்குப் பொருந்தாது. ஹப் நகரத்தில் வசிப்பவர்கள் அங்கே ஆதிக்கம் செலுத்தும் நிறுவனத்தைத் தவிர்ப்பது கடினம். தவிர்க்கவும் வேண்டியதில்லை, ஏனெனில் நேரடி விமானங்கள் பெரும்பாலும் அதனிடமே இருக்கும். எங்கள் கொலம்பஸைப் போல எந்தப் பெரிய நிறுவனத்துக்கும் மையமாக இல்லாத நடுத்தர ஊர்களில் இருப்பவர்களுக்குத்தான் உண்மையான தேர்வு இருக்கிறது, குழப்பமும் அவர்களுக்கே. எங்கள் ஊரிலிருந்து எங்கே போக வேண்டுமானாலும் சிகாகோ, அட்லாண்டா, சார்லட், டெட்ராய்ட் என்று ஏதாவது ஒரு வழியில் போய்விடலாம். இரண்டு மணி நேரம் காரில் போனால் சின்சினாட்டி விமான நிலையமும் இருக்கிறது. அது அமைந்திருப்பது ஒஹாயோவிலேயே அல்ல, ஆற்றுக்கு அந்தப் பக்கம் கென்டக்கி மாநிலத்தில் என்பதை முதல்முறை போனபோதுதான் அறிந்தேன்.

நான் செய்வது இதுதான். தேடுதளத்தில் விலை பார்த்தவுடன் வாங்கிவிடாமல், அதே நிறுவனம் அதே நாளில் அதே ஊருக்கு இன்னும் எத்தனை விமானங்களை வைத்திருக்கிறது என்று எண்ணிப் பார்க்கிறேன். காலை 6 மணிக்கு ஒன்று, 10 மணிக்கு ஒன்று, மதியம் ஒன்று, மாலை இரண்டு என்று இருந்தால் நிம்மதி. அப்படியிருந்தும், அவற்றில் கடைசி விமானத்தை வாங்கினால் அந்த நிம்மதி முழுவதும் வீண். அது ரத்தானால் இரவு ஹோட்டலில்தான். காலையின் முதல் விமானத்துக்கு வேறொரு பலமும் உண்டு. அந்த விமானம் முந்தைய இரவே உங்கள் ஊருக்கு வந்து நின்றிருக்கும். பிற்பகலில் கிளம்பும் விமானமோ அதற்குள் மூன்று, நான்கு ஊர்களைச் சுற்றிவிட்டு, ஒவ்வோர் ஊரிலும் சேர்ந்த தாமதத்தைச் சுமந்துகொண்டு வரும். அதிகாலை நான்கு மணிக்கு எழுவது கொடுமைதான், குழந்தைகளோடு என்றால் இரட்டைக் கொடுமை. ஆனாலும் ஏழு ஆண்டுகளாக இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

அடுத்து, டிக்கெட்டின் வகை. நிறுவனத்தின் பெயரைவிட இது முக்கியம் என்பதை இன்னொரு பயணம் கற்றுத் தந்தது. தேடுதளம் முதலில் காட்டும் விலை பெரும்பாலும் ‘பேசிக் எகானமி’ என்ற வகையின் விலை. டெல்டா 2012இல் தொடங்கிய இதனை 2017இல் யுனைடெட்டும் அமெரிக்கனும் பின்பற்றின. உட்காருவது அதே எகானமி இருக்கைதான், பறப்பதும் அதே விமானம்தான். ஆனால் இருக்கையை நீங்கள் இலவசமாகத் தேர்ந்தெடுக்க முடியாது, விமானத்தில் கடைசிக் குழுவாகத்தான் ஏறுவீர்கள், பயணத் தேதியை மாற்றுவது பொதுவாக முடியாது. யுனைடெட்டின் உள்நாட்டுப் பேசிக் டிக்கெட்டில் மேலே வைக்கும் பெட்டிகூட அனுமதி இல்லை. இருக்கைக்கு அடியில் அடங்கும் சிறிய பை மட்டுமே. டெல்டாவும் அமெரிக்கனும் பெட்டியை அனுமதிக்கின்றன. இதையெல்லாம் சரியாகப் படிக்காமல் நான் வாங்கிய ஒரு டிக்கெட்டில், ஏழு வயது மகளுக்கு எங்களிடமிருந்து பதினொரு வரிசைகள் தள்ளி, இரண்டு அந்நியர்களுக்கு நடுவில் இருக்கை வந்தது. விமானம் ஏறும் வாசலில் இருந்த ஊழியர் முயன்றும் முடியவில்லை. விமானத்துக்குள் முன்பின் தெரியாத ஒரு பெண்மணி ஜன்னலோர இருக்கையை விட்டுக்கொடுத்து நடு இருக்கைக்கு மாறிக்கொண்டார். அவருடைய நல்ல மனதை நம்பி ஒரு குடும்பம் டிக்கெட் வாங்கக் கூடாது. 2023இல் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை, 13 வயது வரையிலான குழந்தைகளைப் பெற்றோரில் ஒருவருக்குப் பக்கத்தில் கட்டணமின்றி அமர்த்துவதாக உறுதியளிக்கும் நிறுவனங்களைப் பட்டியலிட்டு வெளியிட்டது. அலாஸ்கா, அமெரிக்கன், ஃப்ரன்டியர் ஆகியவை முதலிலேயே அதில் இடம்பெற்றன. குழந்தைகள் இருப்பவர்கள் அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது. நான் பார்த்த வரையில் பேசிக் வகைக்கும் சாதாரண எகானமிக்கும் ஒரு வழிக்கு முப்பது, நாற்பது டாலர் வித்தியாசம். தனியாக, ஒரு முதுகுப் பையோடு, தேதி மாறாத பயணம் என்றால் பேசிக் வாங்குவதில் தவறில்லை, நானே வாங்குகிறேன்.

தவறாக வாங்கிவிட்டோம் என்று உடனே தெரிந்தால் தப்பிக்கவும் ஒரு வழி உண்டு. பயணத்துக்கு ஏழு நாட்களோ அதற்கு மேலோ இருக்கும்போது நிறுவனத்திடமே நேரடியாக வாங்கிய டிக்கெட்டை 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்ப வர வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. பணம் வாங்காமலே அதே விலையில் டிக்கெட்டை 24 மணி நேரம் ஒதுக்கி வைக்கும் வசதியைத் தரும் நிறுவனத்துக்கு மட்டும் இதில் விலக்கு. ஐந்து டாலர் குறைகிறதே என்று மூன்றாம் நபர் தளங்களில் வாங்குவதை நான் நிறுத்தியதற்கு இது ஒரு காரணம். விமானம் மாறும்போது, ‘நீங்கள் வாங்கிய தளத்தைக் கேளுங்கள்’ என்று நிறுவனமும், ‘நிறுவனத்தைக் கேளுங்கள்’ என்று தளமும் பந்தாடுவது இன்னொரு காரணம்.

பயணியின் உரிமை என்று பார்த்தால் இந்த நாட்டில் கொஞ்சம்தான் இருக்கிறது. அந்தக் கொஞ்சத்தையும் பலர் கேட்டுப் பெறுவதில்லை. ஐரோப்பாவில் நீண்ட தாமதத்துக்கு 250 யூரோ முதல் 600 யூரோ வரை இழப்பீடு உண்டு. இங்கே தாமதத்துக்கு அப்படி ரொக்கம் தரச் சட்டம் இல்லை. ஆனால் நிறுவனமே விமானத்தை ரத்து செய்து, நீங்கள் மாற்று ஏற்பாட்டை ஏற்காவிட்டால், பேசிக் டிக்கெட்டாக இருந்தாலும் பணத்தைப் பணமாகவே திருப்பித் தர வேண்டும். 2024இல் வந்த விதிகளின்படி உள்நாட்டு விமானம் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானாலும் இதே உரிமை உண்டு. கடன் அட்டையில் செலுத்திய பணம் ஏழு வேலை நாட்களுக்குள் திரும்ப வேண்டும். பணத்துக்குப் பதில் வவுச்சர் தருகிறோம் என்று முதலில் சொல்வார்கள். அவசரப்பட்டுத் தலையாட்டக் கூடாது. இருக்கைக்கு மேல் டிக்கெட் விற்றுவிட்டு உங்கள் விருப்பத்துக்கு மாறாக இறக்கிவிட்டால், மாற்று ஏற்பாட்டில் நீங்கள் சேருமிடம் அடைய இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகும் பட்சத்தில், ஒருவழிக் கட்டணத்தின் 400 சதவீதம் வரை, ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு, இழப்பீடு உண்டு. தாமாக முன்வந்து இறங்குபவர்களுக்கோ பேரம்தான். ஒருமுறை 600 டாலர் வவுச்சருக்காக இருக்கையை விட்டுக்கொடுத்து, அதன் காலாவதித் தேதியைப் பார்க்காமல் விட்டு, கடைசி வாரத்தில் தேவையில்லாத ஒரு பயணத்தைக் கண்டுபிடிக்க நேர்ந்தது.

இணைப்பு விமானத்துக்கான இடைவெளி பற்றிச் சொல்லாவிட்டால் இந்தப் பகிர்வு முழுமையாகாது. நாற்பது நிமிட இடைவெளியோடு நிறுவனங்கள் டிக்கெட் விற்கின்றன. விமானத்தின் கதவு புறப்படும் நேரத்துக்குப் பதினைந்து நிமிடங்களுக்கு முன்பே மூடப்படும். ஆக, கையில் இருப்பது இருபத்தைந்து நிமிடம். பின்வரிசையில் அமர்ந்திருப்பவர் வெளியே வரவே அதில் பாதி போய்விடும். அட்லாண்டாவில் நிலத்தடி ரயில் பிடித்து வேறு கட்டடத்துக்குப் போக வேண்டியிருக்கும். டாலஸில் ஐந்து முனையங்களைச் சுற்றும் ரயிலில் ஏற வேண்டியிருக்கும். டெட்ராய்ட்டில் டெல்டா இயங்கும் முனையம் ஏறத்தாழ ஒரு மைல் நீளமானது. ஆனால் எல்லாம் ஒரே கூரையின் கீழ், உள்ளேயே ஓடும் சிவப்பு ரயிலோடு இருப்பதால், வயதானவர்களோடு மாறுவதற்கு எனக்குத் தெரிந்த நல்ல இடங்களில் அதுவும் ஒன்று. நான் குறைந்தது எழுபத்தைந்து நிமிடம், குழந்தைகள் உடன் வந்தால் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்கிறேன். கோடையில் தெற்கிலும் டென்வரிலும் பிற்பகல் இடிமழை வந்தால், மின்னல் ஓயும் வரை ஊழியர்களை விமானங்கள் நிற்கும் திறந்தவெளிக்கு அனுப்ப மாட்டார்கள். விமானங்கள் வரிசையில் நிற்கும். ஆகவே கோடைக்கு டெட்ராய்ட், மினியாபொலிஸ், சால்ட் லேக் சிட்டி. குளிர்காலத்துக்கு அட்லாண்டா, சார்லட் என்று வழியை மாற்றிக்கொள்கிறேன். மினியாபொலிஸ்காரர்கள் பனியை நம் ஊர்க்காரர்கள் வெயிலைக் கையாள்வது போலக் கையாள்வார்கள். சிகாகோவைப் பற்றி எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

இருக்கை விஷயத்தில் நிறுவனத்தைவிட விமானத்தின் வகையைப் பார்ப்பது பலன் தரும். ஏர்பஸ் 320 வகை விமானங்களின் இருக்கை, போயிங் 737இன் இருக்கையைவிடச் சுமார் ஓர் அங்குலம் அகலம். ஏர்பஸ் 220இல் ஒரு பக்கம் இரண்டு, மறு பக்கம் மூன்று இருக்கைகள். எம்ப்ரேயர் 175இல் இருபுறமும் இரண்டிரண்டு; நடு இருக்கை என்ற தண்டனையே இல்லை. ஐம்பது பேர் அமரும் சிஆர்ஜே 200 விமானத்தில் மட்டும் உயரமானவர்கள் குனிந்தே நடக்க வேண்டும். சக்கரப் பெட்டியையும் வாசலிலேயே வாங்கிக்கொண்டு, இறங்கும்போது அங்கேயே தருவார்கள்.

பெட்டிக் கட்டணத்தை டிக்கெட் விலையோடு கூட்டிய பிறகே ஒப்பிட வேண்டும். 2008இல் அமெரிக்கன் நிறுவனம் முதல் பெட்டிக்கு 15 டாலர் கேட்கத் தொடங்கியபோது பெரிய சலசலப்பு. இன்று ஒரு வழிக்கு அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் கேட்பதை யாரும் கேள்வி கேட்பதில்லை. இரண்டு பெட்டி இலவசம் என்று பல ஆண்டுகள் பெருமைப்பட்ட சவுத்வெஸ்ட்டும் 2025 மே 28 முதல் பெரும்பாலான டிக்கெட்டுகளுக்கு அந்தச் சலுகையை நிறுத்திவிட்டது. விரும்பிய இடத்தில் உட்காரலாம் என்ற அதன் பழைய வழக்கமும் 2026 ஜனவரி 27ஆம் தேதியோடு முடிந்தது. ‘பெட்டி அதிகமா, சவுத்வெஸ்ட்டில் போங்கள்’ என்று எங்கள் வட்டத்தில் பதினைந்து ஆண்டுகளாகச் சொல்லி வந்த அறிவுரைக்கு இனி வேலை இல்லை. உணவைப் பொறுத்தவரை, உள்நாட்டு எகானமியில் பிஸ்கட் ஒன்றும் குளிர்பானமும்தான். சைவர்கள் கட்டிக்கொண்டு போவதே வழி. புளியோதரையையும் இட்லியையும் பாதுகாப்புச் சோதனையில் யாரும் தடுத்ததில்லை. சட்னியும் தொக்கும் 100 மில்லிலிட்டருக்கு மேல் இருந்தால் திரவக் கணக்கில் போய்விடும். தயிர் சாதம் சாதமா, தயிரா என்ற விசாரணைக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் நின்றிருக்கிறேன்.

பெற்றோரை வரவழைப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் நான் செய்ததிலேயே பெரிய தவறு அதுதான். சென்னையிலிருந்து ஐரோப்பா வழியாகச் சிகாகோ வரை ஒரு டிக்கெட், சிகாகோவிலிருந்து கொலம்பஸுக்குத் தனியாக ஓர் உள்நாட்டு டிக்கெட் என்று வாங்கினால் இருநூறு டாலர் குறைந்தது. என் பெற்றோர் குடிநுழைவுச் சோதனை முடிந்து பெட்டிகளை எடுத்துக்கொண்டு, வெளிநாட்டு விமானங்கள் வரும் ஐந்தாம் முனையத்திலிருந்து ரயிலில் வேறு முனையத்துக்குப் போய், அங்கே வரிசையில் நின்று, நான்கு பெட்டிகளுக்கும் தனித்தனியாகப் பணம் கட்டி, மீண்டும் பாதுகாப்புச் சோதனைக்கு நின்றார்கள். சென்னையில் பதிவு செய்த சக்கர நாற்காலி வசதி இரண்டாவது டிக்கெட்டுக்குத் தொடரவில்லை. விமானம் போய்விட்டது. அது தனி டிக்கெட் என்பதால் முதல் நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை. இரண்டாவது நிறுவனத்தின் கணக்கில் அவர்கள் தாமதமாக வந்த பயணிகள். ‘என்னப்பா, காசைப் பார்த்தியா, எங்களைப் பார்த்தியா?’ என்று அப்பா தொலைபேசியில் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. ஆறு மணி நேரம் காரோட்டிப் போய் அவர்களை அழைத்து வந்தேன். ஒரே டிக்கெட்டாக இருந்திருந்தால், வெளிநாட்டுப் பயணத்துக்கான பெட்டி அளவே கொலம்பஸ் வரை செல்லும். சிகாகோவில் எடுத்த பெட்டிகளைச் சுங்கம் கடந்ததும் அங்கேயே ஒப்படைத்துவிடலாம். விமானம் தவறினால் அடுத்ததில் ஏற்றுவது நிறுவனத்தின் பொறுப்பு.

இவ்வளவுக்கும் மேல், எந்தப் பெயரும் காப்பீடு ஆகாது. 2022 டிசம்பர் குளிர்காலப் புயலில் சவுத்வெஸ்ட் 16,000க்கும் மேற்பட்ட விமானங்களை ரத்து செய்தது; மற்ற நிறுவனங்கள் மீண்ட பிறகும் அதன் பணியாளர் ஒதுக்கீட்டு மென்பொருள் மீளவில்லை. ஓராண்டு கழித்து அரசு 140 மில்லியன் டாலர் தண்டம் விதித்தது. நேரம் தவறாததில் முன்னணி என்று பேர் வாங்கிய டெல்டா, 2024 ஜூலையில் கிரவுட்ஸ்ட்ரைக் மென்பொருள் கோளாறால் ஐந்து நாட்களில் ஏறத்தாழ 7,000 விமானங்களை ரத்து செய்தது. அப்படிப்பட்ட நாட்களில் கவுன்ட்டர் வரிசையில் மட்டும் நிற்காமல், நிற்கும்போதே செயலியில் மாற்று விமானத்தைத் தேடி, தொலைபேசியிலும் அழைத்துக் காத்திருப்பது உதவும். மூன்றில் எது முதலில் திறக்கும் என்று சொல்ல முடியாது.

பறப்பதற்கு வெகுமதியாக நிறுவனங்கள் தரும் ‘மைல்கள்’ என்ற புள்ளிகள், கடன் அட்டைகள் பற்றிப் பலர் கேட்பார்கள். ஆண்டுக்கு நான்கைந்து முறை சொந்தக் காசில் எகானமியில் பறப்பவருக்கு மைல்களால் பெரிதாக ஒன்றும் நேராது. ஆனால் நீங்கள் அடிக்கடி பறக்கும் பெரிய நிறுவனத்தின் அட்டை முதல் பெட்டியை இலவசமாக்கினால், குடும்பமாக இரண்டு முறை போய் வந்தாலே அதன் ஆண்டுக் கட்டணம் திரும்பிவிடும்.

அடுத்த மாதம் சியாட்டிலில் நண்பர் மகளின் அரங்கேற்றம். கொலம்பஸிலிருந்து அலாஸ்கா நிறுவனத்தின் நேரடி விமானம் உண்டு; ஆனால் நான் பார்த்த நாளில் ஒன்றே ஒன்று, அது போனால் அடுத்த நாள்தான். என் விதிப்படி அதை வாங்கக் கூடாது. ஆனாலும் நிகழ்ச்சிக்கு இரண்டு நாட்கள் முன்னதாகவே போவதால், இடையில் ஒரு நாள் கையில் இருக்கிறது என்று போகும் வழிக்கு அதையே வாங்கிவிட்டேன். திரும்பும் மறுநாள் காலையில் எனக்கு அலுவலகம். அதற்கு மினியாபொலிஸ் வழி, காலையின் முதல் விமானம், இரண்டரை மணி நேர இடைவெளி, அதற்குப் பின்னாலும் கொலம்பஸுக்கு இரண்டு விமானங்கள். சியாட்டிலில் மூன்றரை மணிக்கு எழ வேண்டும் என்பதை மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.